மாத்திரைப் பெட்டியின் மேல் ஒரு பெயர்

(ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மக்களை முன்னிறுத்தும் தலைமை, அதற்கு வேண்டிய அன்றாடப் பழக்கங்கள் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நிர்வாகவியல் படித்தவர்களும் பெரிய நிறுவனங்களை நடத்தியவர்களும் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நான் காசநோய்த் திட்டத்தில் களப்பணி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சளிப் பரிசோதனை, மாத்திரை, சிகிச்சை அட்டை, வீடு தேடிப் போவது, இவைதான் என் உலகம். தலைமை என்று நான் கண்ணால் பார்த்ததெல்லாம் அந்த உலகத்தில் பார்த்ததுதான். அதிலிருந்தே பேசுகிறேன்.

வெகுதூரம் போக வேண்டாம். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் சானடோரியம் ரயில் நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கம் இன்று ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம். அந்தப் பெயருக்குக் காரணமான மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரன் சௌரி முத்து. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது அங்கே அவரிடம் சிகிச்சையில் இருந்திருக்கிறார். அங்கேயே பேரும் வசதியுமாக இருந்திருக்கலாம். ஊர் திரும்பி 1928-ல் 12 படுக்கைகளோடு தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-ல் அது அரசின் கைக்கு வந்தது.

1928-ல் காசநோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல்தான். அப்படியானால் அந்த 12 படுக்கைகளில் நோயாளிக்கு என்ன கொடுத்திருப்பார்கள்? நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு. அந்தக் காலத்துச் சானடோரியங்களில் எழும் நேரம், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம், எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பது வரை எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருந்தது. தினமும் காய்ச்சலை அளந்து எழுதினார்கள். அது எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை, பாதிப் பேரைக்கூடக் காப்பாற்றியதா என்பது சந்தேகம். ஆனாலும் ஊரும் உறவும் ஒதுக்கிவைத்த ஒரு மனிதருக்கு, நாளையும் இதே நேரத்துக்கு ஒருவர் வந்து நம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார் என்ற நிச்சயம் அங்கே கிடைத்தது. அந்த நிச்சயத்தைத் தருவதைத்தான் நான் தலைமையின் முதல் வேலை என்று நினைக்கிறேன். இரக்கம் எல்லோருக்கும் வரும். அது மனநிலையைப் பொறுத்து வரும், போகும். பழக்கமாகிவிட்ட அக்கறை மட்டுமே செவ்வாய்க்கிழமை மழையிலும் வந்து நிற்கும்.

அடுத்த கட்டம் சேத்துப்பட்டில் நடந்தது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து அங்கே ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை முன்நின்று நடத்தினார். மருந்துகள் வந்துவிட்டிருந்த காலம். லட்சக்கணக்கில் நோயாளிகள், படுக்கைகளோ மிகக் குறைவு. ஓராண்டுச் சிகிச்சைக்கு ஒரு தொகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். இன்னொரு தொகுதியினரை அவரவர் வீட்டிலேயே வைத்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். எந்த வீடு? சென்னையின் ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வீடு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, காற்றோட்டம் சொல்லவே வேண்டாம். ஆனால் ஆண்டு முடிவில் இரண்டு தொகுதிக்கும் குணமடைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்த குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இந்த முடிவு வெளிவந்தது. காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மலையடிவாரத்துக்கு அனுப்பும் வழக்கம் உலகம் முழுவதும் தளர ஆரம்பித்ததற்குச் சென்னையின் இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

இதில் நாம் அதிகம் பேசாத ஒரு கூட்டம் உண்டு. வீடு வீடாகப் போன சுகாதாரப் பார்வையாளர்கள். மருந்தை வீட்டில் கொடுத்துவிட்டால் போதாது, நாள் தவறாமல் சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறிவிடும், அப்போதுதான் மாத்திரையை நிறுத்தத் தோன்றும். நிறுத்தினால் நோய் திரும்பும், சில சமயம் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகத் திரும்பும். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கேட்பதற்குப் போலீஸ் வேலை போலத்தான் இருக்கும். அந்த வேலையை அப்படிச் செய்தவர்களும் இருந்தார்கள். அதே கதவை வேறு மாதிரி தட்டியவர்களும் இருந்தார்கள்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவில் மூத்த சகோதரி ஒருவர் இருந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் நின்றுகொண்டு பேச மாட்டார். திண்ணையிருந்தால் திண்ணை, பாய் விரித்தால் பாய், இல்லையென்றால் வாசற்படி. உட்கார்ந்ததும் முதல் வார்த்தை, "தண்ணி குடும்மா, வெயிலு தாங்கல." மாத்திரையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். வீட்டுக்காரப் பெண் ஒரு கணம் தயங்குவார். தன் சொந்த நாத்தனாரே இந்த வீட்டில் கை நனைக்காதபோது சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா தண்ணீர் கேட்கிறாரே என்று. சொம்பில் கொண்டுவந்து கொடுப்பார். அந்த அம்மா அதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கும்படி, முழுவதையும், நிதானமாகக் குடிப்பார். காசநோய் தண்ணீர்ச் சொம்பால் தொற்றுவதில்லை, காற்றில் பரவுவது என்று நூறு துண்டறிக்கை அடித்துக் கொடுத்தாலும் அந்தத் தெருவுக்கு ஏறாத பாடம் அந்த ஒரு சொம்பில் ஏறிவிடும். மறுவாரம் எதிர்வீட்டுக்காரம்மாள் வாசலில் நின்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

அவர் இதை ஒருநாள் உணர்ச்சிவசப்பட்டுச் செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு முறையும் செய்தார். எங்கள் பிரிவில் அவருக்குப் பதவி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த நாங்கள் எல்லோரும், யாரும் சொல்லாமலே, உட்கார்ந்து பேசப் பழகிக்கொண்டோம். சுற்றறிக்கை போட்டு அந்தப் பழக்கத்தை வரவழைத்திருக்க முடியாது. அப்படி உட்கார்ந்தால் நோயாளி முதலில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வார், பிறகு கடனைப் பற்றி, பிறகு பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி. கடைசியில், நாம் எழுந்திருக்கும் நேரத்தில்தான், மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறது, நாலு நாளாகச் சாப்பிடவில்லை என்று சொல்வார். அதுவரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழக வேண்டும். ஒருவர் தன்னை வளர்த்துக்கொள்வதற்கு இதைவிடக் கடினமான பயிற்சி எனக்குத் தெரியாது.

1997-ல் திருத்தியமைக்கப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம் விரிவாகத் தொடங்கியது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு அட்டைப்பெட்டி. புதிய நோயாளிக்குச் சிவப்புப் பெட்டி, மறுசிகிச்சைக்கு நீலப் பெட்டி. ஒருவருக்குச் சிகிச்சை தொடங்கிய அன்றே அவருடைய முழுச் சிகிச்சைக்கான மருந்தும் அந்தப் பெட்டியில் ஒதுக்கப்பட்டுவிடும், மேலே அவர் பெயர் எழுதப்படும். இருப்பு தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பெட்டியிலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. கூலிவேலை செய்கிற, வாழ்க்கையில் எதுவுமே தன் பெயரில் இல்லாத ஒரு மனிதர், அரசு மருத்துவமனை அலமாரியில் தன் பெயர் எழுதிய பெட்டியைப் பார்க்கும்போது அவர் முகம் மாறும். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தப் பெட்டியை யோசித்தவர்கள் யார் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மேலிடத்தில் இருப்பவர் தன் நல்லெண்ணத்தை, தான் இல்லாதபோதும் நடக்கிற ஒரு ஏற்பாடாக மாற்றி வைக்க வேண்டும். அதைச் செய்யாத தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய மாறுதல் உத்தரவோடு எல்லாம் முடிந்துவிடும்.

ஆனால் ஏற்பாடு மட்டும் போதாது என்பதற்கும் ஒரு சம்பவம் சொல்கிறேன். இந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் வீட்டுவேலை செய்த ஒரு பெண். வாரத்தில் மூன்று நாள் அங்கன்வாடிக்கு வந்து, பணியாளர் கண் முன்னால் மாத்திரை விழுங்க வேண்டும். அவர் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார், அங்கன்வாடி திறக்கும் நேரத்தில் மூன்றாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். அட்டையில் கட்டங்கள் விடுபட ஆரம்பித்தன. ஒத்துழைக்காத நோயாளி என்று எழுதிவிடுவது சுலபம். எங்கள் களப்பணியாளர் ஒருவர் அந்தப் பெண்ணோடு ஒருநாள் காலையில் நடந்து போய்ப் பார்த்தார். வழியில் ஒரு பால் பூத், அவர் கடக்கும் நேரத்துக்குத் திறந்திருக்கும். பூத்காரரிடம் பேசி, பயிற்சி கொடுத்து, பெட்டியை அங்கே மாற்றினோம். வெறும் வயிற்றில் குமட்டும் என்று பூத்காரரே இரண்டு பன் எடுத்து வைத்திருப்பார். அந்தப் பெண் ஒரு கட்டம்கூட விடாமல் சிகிச்சையை முடித்தார். நோயாளிக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில் மருந்து என்று திட்டத்தின் விதியிலேயே இருந்தது. விதியில் இருப்பதை ஒருவர் காலால் நடந்து போய்க் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை வளர்த்த டாக்டர் சாந்தாவைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. புற்றுநோய் என் துறை இல்லை. ஆனால் இந்த ஊரில் தலைமை என்ற சொல்லுக்கு நேராக ஒரு பெயரை எழுதச் சொன்னால் நான் அவர் பெயரைத்தான் எழுதுவேன்.

அந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர். புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று படித்தவர்களே நினைத்த காலத்தில் ஆண்டுக்கணக்கில் அலைந்து நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954-ல் அடையாற்றில் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கும் 12 படுக்கைகள்தான். முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த இளம் மருத்துவர் சாந்தாவும்தான் தொடக்க காலத்தில் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். சாந்தா தேர்வாணையத் தேர்வில் தேறி, அரசுப் பணி கையில் இருந்தபோது அதை விட்டுவிட்டு அங்கே போனார். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளம் இல்லாத மதிப்பூதியப் பணி. பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க ஓர் இடமும். 2021 ஜனவரி 19 அன்று 93 வயதில் மறையும் வரை அந்த வளாகம்தான் அவருடைய வீடு. மகசேசே விருதும் பத்ம விபூஷணும் அந்த வளாகத்துக்குத்தான் தேடி வந்தன.

வளாகத்திலேயே வசிப்பதைத் தியாகம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அதில் ஒரு நடைமுறை இருக்கிறது. தலைவர் எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் அவருடைய காதும் இருக்கும். வார்டில் இரவில் என்ன நடக்கிறது, வெளியூரிலிருந்து வந்த குடும்பம் எங்கே படுக்கிறது, பணமில்லாமல் பாதியில் போக நினைப்பவர் யார், இதெல்லாம் மாதாந்திர அறிக்கையில் வராது. அந்த மருத்துவமனை கோபால்ட் சிகிச்சையையும் குழந்தைகளுக்கான தனிப் பிரிவையும் இந்த நாட்டில் முன்னோடியாகக் கொண்டுவந்தது, பட்டமேற்படிப்பு தொடங்கியது, புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தியது. இவ்வளவு வளர்ந்த பிறகும் பணம் கட்ட முடியாதவர் அங்கே இரண்டாம்தர நோயாளி ஆகவில்லை. தினமும் வார்டில் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவர் உச்சியில் இருந்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

நம் தாம்பரம் மருத்துவமனைக்கும், மற்றவர்கள் ஒதுக்கியவர்களை ஏற்றுக்கொள்ள வேண்டிய ஒரு காலம் வந்தது. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில்தான் கண்டறியப்பட்டது. தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. என்றாலே தனியார் மருத்துவமனைகள் பல கதவைச் சாத்தின. சானடோரியம் திறந்து வைத்திருந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து நோயாளிகள் வந்து படுத்தார்கள். 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டு மையங்களில் தாம்பரம் ஒன்று. அங்கே இரவுப் பணி பார்த்த செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் செய்தது எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் சரியாக எழுதப்படவில்லை. இந்த வட்டாரத்துப் பள்ளிகளும் கல்லூரிகளும் அவர்களைத் தேடிப் பிடித்துப் பேசவைத்துப் பதிவு செய்ய வேண்டும். இன்னும் பத்து வருடம் போனால் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. தினசரி மாத்திரை வந்துவிட்டது, எடைக்கு ஏற்ற எண்ணிக்கை. மாத்திரையைப் பிதுக்கினால் அடியில் ஒரு தொலைபேசி எண் தெரியும், அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் சாப்பிட்டதாகப் பதிவாகும் என்ற முறையெல்லாம் வந்தது. நல்லதுதான். ஒருவர் இன்று அழைக்கவில்லை என்பதை இயந்திரம் நமக்குச் சொல்லிவிடுகிறது. ஏன் அழைக்கவில்லை என்று கேட்கப் போக இன்னும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அந்த ஆள் கேட்க வேண்டியதை எளிமையாக்கிக் காட்டியது தமிழ்நாடுதான் என்பதில் எனக்குப் பெருமை. 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் ஒவ்வொருவரிடமும் சில விஷயங்களை மட்டும் பார்த்துவிடச் சொன்னார்கள். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் இருக்கிறதா, மூச்சு எவ்வளவு வேகமாக ஓடுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு என்ன, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. மோசமாக இருப்பவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு எடைமேடை, விரலில் மாட்டும் சின்னக் கருவி, கடிகாரம். மீதி எல்லாம் எதிரில் இருப்பவரை நிமிர்ந்து பார்ப்பதுதான். காசநோயில் இறப்பவர்களில் கணிசமானோர் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே இறந்துபோவதைப் பதிவேடுகள் காட்டிக்கொண்டே இருந்தன. அவர்கள் எல்லோரும் யாரோ ஒருவருடைய மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்து போனவர்கள்தான். இன்று ஒவ்வொரு மேசையிலும் அந்தப் பார்வை வழக்கமாகிவருகிறது.

இனி உங்களிடம் வருகிறேன். இந்த ஊர் நான் பார்க்கும்போது ஏரியும் வயலுமாக இருந்தது. இன்று வேளச்சேரிச் சாலையின் இரு பக்கமும் அடுக்குமாடிகள். 2021-ல் செம்பாக்கம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு தலைமை என்றால் மாமன்றம், மேயர் என்றே நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் உங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளரும் ஒரு தலைவர். அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே ஐந்து பேர் வேலை செய்தால் நீங்கள் ஒரு தலைவர். வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் நீங்கள் தலைவர்தான், ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள் உங்கள் வாசலில் காவலுக்கு நிற்கிறார்கள், உங்கள் கட்டடங்களில் வேலை செய்கிறார்கள். சின்ன அறையில் பலர் சேர்ந்து தூங்குகிறார்கள், ஒரு வேளை சாப்பாட்டில் ஓட்டுகிறார்கள். காசநோய்க்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அவர்களுடைய பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுச் சங்கடப்படுத்த நான் வரவில்லை. நாளைக் காலை வெளியே போகும்போது பெயரைக் கேளுங்கள். மறுநாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அதற்கு அடுத்த நாளும் கேளுங்கள்.

யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், மாலைக் காய்ச்சல் இருந்தால், உடம்பு இளைத்துக்கொண்டே போனால், வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். நோய் உறுதியானால் சத்துணவுக்காக அரசு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறது, கணக்கு இல்லாதவருக்குக் கணக்குத் தொடங்க உதவுங்கள். சிகிச்சை முடியும் வரை சம்பளத்தையும் வேலையையும் காப்பாற்றிக் கொடுங்கள். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் வழக்கமான காசநோய் ஆறு மாதத்தில் குணமாகிவிடும்.